போட் ட்ரெய்லருக்கு "புது" டயர் போடுகிறவர்கள், பூட்டுவதற்கு முன் திகதியைப் பாருங்கள்

மே மாதம் வால்ஐ மீன் சீசன் திறக்கப் போகிறது. ஒன்ராறியோவில் போட் வைத்திருக்கும் நம்மவர்கள் ஏப்ரல் கடைசியில்தான் ட்ரெய்லரை வெளியில் இழுத்துப் பார்ப்பார்கள். டயரின் பக்கவாட்டில் வெடிப்புத் தெரியும். உடனே பக்கத்திலிருக்கும் கராஜுக்குக் கொண்டு போவார்கள். நானும் 2025 வசந்தத்தில் அதைத்தான் செய்தேன். அதன் பிறகு 401 நெடுஞ்சாலையில், பின் இருக்கையில் பிள்ளைகள் இருக்கும்போது நடந்தது உங்களுக்கும் நடக்கக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 16 அடி அலுமினிய போட். ஒற்றை அக்சில் ட்ரெய்லர், 13 அங்குலச் சில்லு. ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்தவர்கள் பலர் கார் வேலைக்குப் போகும் ஒரு கராஜ், தமிழர் ஒருவருடையது. கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, எஸ்.டி (ட்ரெய்லருக்கென்றே செய்த டயர்) 175/80 ஆர் 13 அளவில், லோட் ரேஞ்ச் சி (பாரம் தாங்கும் தரம்) வகையில் இரண்டு புது டயர். மற்றது, இரண்டு சில்லுக்கும் அது சுழல உதவும் பெயரிங்கைக் கழற்றி, கழுவி, புது மரைன் கிரீஸ் வைத்து, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் பின்பக்க சீலை மாற்றுவது. வரியோடு 520 டொலர். பில்லில் "புது ட்ரெய்லர் டயர் 2" என்றும், பெயரிங் வேலை முடிந்தது என்றும் எழுதியிருந்தது. எடுக்கப் போனபோது டயர் கறுப்பாகப் பளபளவென்றிருந்தது. வார்ப்பில் வரும் சின்ன ரப்பர் முள்ளுகள்கூட அப்படியே இருந்தன. "நல்ல சாமான் அண்ணை, ஐஞ்சு வருசத்துக்குப் பாக்கத் தேவையில்லை" என்றார் கராஜ்காரர்.

அடுத்த மாதம் மீன்பிடிக்க பே ஒஃப் குவின்டி பக்கம் போகப் புறப்பட்டோம். நானும் மச்சானும் முன்னால், பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால். வேகம் 100. போர்ட் ஹோப்பைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பெரிய சத்தம். கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் பக்கத்துக்குப் பக்கம் ஆடுகிறது, கறுப்பாக ஏதோ நீளமாகப் பறக்கிறது. பிரேக்கைத் திடீரென்று மிதிக்காமல், எக்ஸிலரேட்டரை மட்டும் விட்டு, மெதுவாக ஓரத்துக்கு எடுத்தேன். வலது பக்க டயரின் மேல் தோல் முழுதாக உரிந்து போயிருந்தது. அந்தப் பட்டை சுழன்று அடித்ததில் மட்கார்ட் கிழிந்து மடங்கி, பின் விளக்கின் வயர் அறுந்து தொங்கியது. கனரக லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பக்கத்தால் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்கள் வண்டியே ஆடியது. பிள்ளைகளை இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் புல்லில் நிற்க வைத்தோம்.

மேலதிகச் சில்லு இருந்தது. ஆனால் நட்டைக் கழற்ற முடியவில்லை. காற்றுத் துப்பாக்கியால் அவ்வளவு இறுக்கியிருந்தார்கள். மச்சான் ரெஞ்சில் ஏறி நின்றும் அசையவில்லை. கடைசியில் டோ ட்ரக்கை (இழுவை வண்டியை) கூப்பிட்டோம். வந்தவர் நீளமான கம்பி போட்டுக் கழற்றினார். சில்லு கையில் வந்ததும் அதைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு விரலால் ஒரு நீள்வட்டத்தைக் காட்டினார். அதற்குள் 2217 என்று இருந்தது.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் டயரின் பிறந்த நாள். முதல் இரண்டு இலக்கம் வாரத்தைக் காட்டும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தைக் காட்டும். 2217 என்றால் 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். எனக்குப் "புது டயர்" என்று பூட்டிய அன்றே அதற்கு ஏழு வயது தாண்டிவிட்டது. மற்றப் பக்க டயரும் அதே வருடம். இரண்டிலும் திகதி இருக்கும் பக்கம் உள்ளே, அக்சிலைப் பார்த்தபடி இருந்தது. முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும் என்பது விதி. மற்றப் பக்கத்தில் திகதி இல்லாத அரைகுறை எண் மட்டும் இருக்கலாம். அதனால் வெளியில் நின்று பார்க்கும் யாருக்கும் வயது தெரியாது. ஒன்று அப்படித் திரும்பியிருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன். இரண்டும் அப்படி இருந்ததைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஓடாத டயர்தானே, ஏழு வருடம் சும்மா இருந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கராஜ்காரரும் அதைத்தான் கேட்டார். ரப்பருக்கு வெயிலும் ஓசோனும்தான் எதிரி. அதைத் தடுக்க ரப்பருக்குள் ஒரு மெழுகு கலந்திருப்பார்கள். டயர் ஓடி வளைந்து நெளியும்போதுதான் அது நன்றாக மேற்பரப்புக்கு வந்து காக்கும். நிற்கிற டயருக்கு அந்தப் பாதுகாப்புக் குறைவு. போட் ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று சாகிறது. அதனால்தான் ட்ரெய்லர் டயரை, பூ (மேல் தோலின் வரிப்பள்ளம்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ஐந்து வருடத்தை ஒட்டி மாற்றச் சொல்கிறார்கள். இருட்டான, குளிர்ந்த கிடங்கில் இருந்தால் வயது கொஞ்சம் மெதுவாகப் போகும், உண்மைதான். ஆனால் நான் பிறகு அந்தக் கராஜின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ட்ரெய்லர் டயர்கள் வேலியோரம் திறந்த வெளியில், வெயிலிலும் பனியிலும் அடுக்கிக் கிடந்தன.

அடுத்தது காத்து. மிச்சமிருந்த டயரை அளந்தபோது காத்தின் அழுத்தம் 35 பீ.எஸ்.ஐ காட்டியது. காருக்கு அடிப்பது போல அடித்துவிட்டிருக்கிறார்கள். லோட் ரேஞ்ச் சி ட்ரெய்லர் டயருக்கு, அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது, குளிர்ந்த நிலையில் 50. இந்த அளவு டயர் 50இல் 1,360 இறாத்தல் தாங்கும். 35இல் 1,100தான். காத்துக் குறைந்தால் பக்கவாட்டு அதிகம் வளையும், வளைந்தால் சூடேறும். பழைய ரப்பரில் அந்தச் சூடு ஏறினால் மேல் தோல் உள்ளே இருக்கும் கம்பிப் பட்டையை விட்டுக் கழன்றுவிடும். எங்களுக்கு நடந்தது அதுதான்.

பெயரிங் கதை இதைவிட மோசம். டோ ட்ரக்காரர் மற்றப் பக்கச் சில்லின் நடுவில் கை வைத்துவிட்டு உடனே எடுத்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கை வைக்க முடியாத சூடு. ஓடி வந்த ஹப் (சில்லின் அந்த நடுப்பகுதி) இளஞ்சூடாக இருக்கலாம், சுடக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்து மச்சானும் நானும் கழற்றினோம். வெளிப் பெயரிங்கில் புது நீல கிரீஸ். உள் பெயரிங்கில் பழைய கிரீஸ், தண்ணீர் கலந்து பால் போல வெளுத்து, உருளைகளில் துரு. பின் சீல் எந்தக் காலத்திலோ போட்டது, உதடு கிழிந்திருந்தது. கழற்றவே இல்லை. முன் மூடியைத் திறந்து கொஞ்சம் கிரீஸை அப்பிவிட்டு, முழு வேலைக்கும் காசு எடுத்திருக்கிறார்கள்.

போட் ட்ரெய்லருக்கு அந்தப் பின் சீல் எவ்வளவு முக்கியம் என்பது வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய ஹப்பை, போட்டை இறக்கும் ராம்பில் (சரிவுப் பாதையில்) குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சட்டென்று சுருங்கும். சீல் பழுது என்றால் அந்த உறிஞ்சலில் தண்ணீர் நேரே பெயரிங்குக்குள் போகும். பிறகு துரு, பிறகு ஒருநாள் சில்லே கழன்று ஓடும். எங்களுடைய வலது டயர் வெடித்திருக்காவிட்டால் இடது பெயரிங் எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த நாள் டயரையும் சீலையும் கராஜுக்குக் கொண்டு போனேன். "அண்ணை, நீங்கள் ஓவர் லோட் ஏத்தியிருப்பியள். இல்லாட்டி 130இல ஓடியிருப்பியள். டயரில பிழை இல்லை." இதுதான் பதில். மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை. சரி, பாரம் என்றால் பாரத்தையே பார்ப்போம் என்று, போட், எஞ்சின், பெற்றோல், மீன்பிடிச் சாமான் எல்லாவற்றோடும் ட்ரெய்லரைக் கழிவு இரும்பு நிறுக்கும் தராசில் ஏற்றினேன். 1,700 இறாத்தலுக்குள் நின்றது. சரியான காத்தில் இரண்டு டயரும் சேர்ந்து 2,720 தாங்க வேண்டியவை. அவர் அடித்த குறைந்த காத்தில்கூடக் கணக்குக்கு 2,200 வரும். தராசில் தந்த துண்டைக் காட்டிய பிறகு ஓவர் லோட் கதையை விட்டுவிட்டார். "பாவிக்காத டயர் புது டயர்தானே" என்று தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காசைத் திருப்பி எடுக்க உதவியது இதுதான். டயர் விஷயத்தில் அவர் வழுக்கிக்கொண்டு போகலாம், ஏனென்றால் அது உண்மையிலேயே பாவிக்காத டயர். பெயரிங்கில் வழுக்க முடியாது. செய்யாத வேலையைச் செய்ததாக பில்லில் எழுதியிருக்கிறது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொன்னபடி செய்யாத சேவையைச் செய்ததாகக் காட்டுவது பொய்யான கூற்று, நியாயமற்ற நடைமுறை. அப்படியான உடன்படிக்கையை ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ரத்துச் செய்யலாம். பில்லின் பிரதி, சீலின் படம், டயர் திகதியின் படம், தராசுத் துண்டு எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். கடன் அட்டை நிறுவனத்துக்கும் அதே ஆவணங்களோடு முறைப்பாடு போட்டேன். கடைசியில் 520 டொலரும் திரும்பி வந்தது. மட்கார்ட், வயர், டோ ட்ரக் செலவு வரவில்லை. அதற்கான முயற்சி இன்னும் நடக்கிறது. கராஜின் பெயரைக் கேட்டு எழுத வேண்டாம். வெளியில் டயர் அடுக்கி வைத்திருக்கும் கடை அது ஒன்று மட்டும் இல்லை.

இந்த முறை கராஜுக்குப் போகிறவர்கள் காசைப் பற்றிக் கதைப்பதற்கு முன் டயரைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். சில்லில் ஏற்றிய பிறகு காட்டினால் பிரயோசனம் இல்லை. நான்கு இலக்கத்தைப் படம் எடுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள், திகதிப் பக்கம் வெளியே வரும்படி பூட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிற கடையில் வேலை கொடுக்காதீர்கள். அளவுக்கு முன்னால் எஸ்.டி என்ற எழுத்து இருக்க வேண்டும். கார் டயரை மலிவாகத் தருகிறேன் என்பார்கள். அதன் பக்கவாட்டு ட்ரெய்லருக்குத் தேவையான விறைப்பு இல்லாதது. ட்ரெய்லரில் போட்டால் அதில் எழுதியிருக்கும் பாரத்தையும் 1.1ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும். பல எஸ்.டி டயர்களுக்கு வேக எல்லை மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீற்றர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். 401இல் எல்லோரும் 120இல் போகிறார்கள் என்பதற்காக நாமும் போக முடியாது.

பெயரிங் வேலை கொடுத்தால் கழற்றிய பழைய சீல்களைக் கையில் தரச் சொல்லுங்கள். சீல் தராதவர் சீல் மாற்றவில்லை. நட்டுப் பூட்டும் ஆணி (ஸ்டட்) அரை அங்குலம் என்றால் நட்டுகளை 90 முதல் 120 அடி-இறாத்தலுக்குள், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால், குறுக்கு மறுக்காக இறுக்க வேண்டும். 80, 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருக்கா மீண்டும் பாருங்கள். உங்கள் காரில் இருக்கும் ரெஞ்சால் வீட்டு முற்றத்திலேயே ஒரு நட்டைக் கழற்றிப் பாருங்கள், காரைத் தூக்கும் ஜக்கு ட்ரெய்லர் அக்சிலுக்குக் கீழே போகிறதா என்றும் பாருங்கள். வழியில் நிற்கும் இடத்தில் எல்லாம் ஹப்பில் கை வையுங்கள். ராம்புக்குப் போனதும் உடனே இறக்காமல் கயிறு, சாமான் எல்லாம் சரி பார்க்கும் நேரத்தில் ஹப் ஆறட்டும். குளிர்காலத்துக்கு அக்சிலைக் கட்டையில் தூக்கி வைத்து, டயரில் வெயில் படாமல் மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே டயர் மாற்றி வைத்திருப்பவர்கள் கைபேசியின் கமராவை ட்ரெய்லருக்குக் கீழே நீட்டி, இரண்டு டயரின் உள்பக்கத்தையும் படம் எடுத்துப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம் 20 அல்லது அதற்கும் குறைவு என்றால் அந்த டயரில் நெடுஞ்சாலைக்கு ஏறாதீர்கள். பில் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள், வாங்கி ஒரு வருடம் முடிவதற்கு முன் கடிதத்தை அனுப்புங்கள்.