பிரையன்ட் பூங்கா: கட்டிப்போடாத நாற்காலிகள்

நியூயார்க்குக்கு ஊரிலிருந்து வருகிறவர்களின் பட்டியலில் இந்தப் பூங்கா பெரும்பாலும் இருக்காது. சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம் என்று சுற்றிவிட்டு, கால் வலிக்கிறது, எங்கேயாவது உட்காரலாமா என்பார்கள். அப்போது அவர்களை 42ஆம் தெருவில் பொது நூலகத்துக்குப் பின்பக்கம் அழைத்துப் போவேன். போன ஜூனில் அம்மாவையும் அப்படித்தான் கூட்டிப் போனேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி. சரளைக்கல் தரையில் சிதறிக் கிடந்த பச்சை மடக்கு நாற்காலிகளில் ஒன்றை எடுத்தார். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. நல்ல நிழலில்தான் கிடந்தது. ஆனாலும் அரை அடி தள்ளிப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பொது இடங்களில் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று கேமரா வைத்து ஆண்டுக்கணக்காகக் கவனித்த வில்லியம் ஒயிட் இதைக் குறித்து வைத்திருக்கிறார்: நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், சில அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்களாம்.

"ஏம்ப்பா, ஒண்ணையும் கட்டி வைக்கலையே, ராத்திரி தூக்கிட்டுப் போயிட மாட்டாங்களா?" என்றார் அம்மா. முப்பது வருஷத்துக்கும் மேலாக இப்படித்தான் கிடக்கின்றன என்று சொன்னேன். நம்பவில்லை.

1970களில் இதே இடத்தில் போதைப்பொருள் விற்றுக்கொண்டிருந்தார்கள். சாதாரண ஜனங்கள் உள்ளே வரவே பயந்தார்கள். 1934இல் புதுப்பித்தபோது பூங்காவைத் தெருமட்டத்துக்கு மேலே உயர்த்தி, சுற்றிலும் வேலியும் புதர்வேலியும் வைத்திருந்தார்கள். தெருவில் போகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. உள்ளே மாட்டிக்கொண்டவருக்குச் சட்டென்று வெளியேற வழியும் குறைவு. ஒயிட் சொன்ன யோசனை எளிமையானது. புதர்களை எடுங்கள், வாசல்களை அகலமாக்குங்கள், வெளியிலிருந்து உள்ளே தெரியட்டும். பூங்காவைச் சீரமைக்க 1980இல் தனி அமைப்பு ஒன்று உருவானது. 1988இல் மூடி, 1992இல் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் புல்வெளிக்கு அடியில் நூலகத்துக்குப் புத்தகக் கிடங்கும் கட்டிவிட்டார்கள். அம்மா காலுக்குக் கீழே பார்த்தார். "இதுக்கு அடியிலயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அம்மாவோடு வெளியே போனால் எனக்கு முதல் கவலை கழிப்பறைதான். பல ஊர்களில் பொதுக் கழிப்பறை என்றாலே தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். இங்கே நூலகத்தை ஒட்டிய சிறிய கல் கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே நிஜப் பூக்கள் வைத்த ஜாடி, துடைத்துக்கொண்டே இருக்கும் ஊழியர். வரிசை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். வெளியே வந்த அம்மா முதல் வேலையாகப் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். இந்தப் பூங்காவுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுக்கலாம் என்பதை நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

திறந்தவெளி வாசக அறையையும் பார்க்காமல் வராதீர்கள். மரத்தடியில் தள்ளுவண்டிகளில் புத்தகங்கள் இருக்கும். 1935இல், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நாளில், வேலை இழந்தவர்களுக்காகத் தொடங்கியது. உறுப்பினர் அட்டை கேட்கவில்லை. 1944இல் நின்றுபோனதை 2003இல் மீட்டிருக்கிறார்கள். விலாசமே இல்லாதவரும் சூட் போட்ட அலுவலகக்காரரும் ஒரே வண்டியில் புத்தகம் தேடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

குறையும் உண்டு. நகராட்சிப் பணம் இல்லாமல் விளம்பரதாரர்கள், கடை வாடகை, சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்களின் பங்களிப்பு இவற்றில்தான் பூங்கா ஓடுகிறது. பணம் கொடுக்கிறவருக்கு இடமும் விட வேண்டியிருக்கிறது. 1993 முதல் 2010 வரை ஃபேஷன் வாரக் கூடாரங்கள் புல்வெளியை எடுத்துக்கொண்டன. குளிர்காலத்தில் இப்போதும் புல்வெளி பனிச்சறுக்குத் தளமாகிவிடும், சுற்றிலும் கடைகள். சும்மா உட்கார வருகிறவருக்கு அது ஏற்ற காலம் இல்லை. பொதுவான இடம் கொஞ்ச நாளுக்கு என்றாலும் சுருங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே வரிசையாக நிற்பவை லண்டன் பிளேன் மரங்கள். பட்டை திட்டுத்திட்டாக உரிந்திருக்கும். அம்மா தடவிப் பார்த்து, "நம்ம கொய்யா மரம் மாதிரியே இருக்கு" என்றார். அப்போது ஒரு சீனத் தாத்தா வந்து எங்கள் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார். "எடுத்துக்கோங்க" என்று அம்மா தமிழிலேயே சொல்லி, நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டார். அவரும் தம் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, அதைச் சதுரங்க மேசைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்.

போவதென்றால் மே முதல் செப்டம்பருக்குள், வார நாள் காலையில் போங்கள். மதியம் அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் 40ஆம் தெருப் பக்கத்து நிழலில் நாற்காலி கிடைப்பது கஷ்டம்.