குவாங்சோவுல ரெண்டு யுவான் பஸ்ஸா, மெட்ரோவா, தீதியா? மூணு வருஷம் எல்லாத்துலயும் போய்ப் பாத்துட்டு சொல்றேன்

சீனாவுல குவாங்சோ வர்ற நம்ம ஆளுங்க எல்லாரும் என்கிட்ட முதல்ல கேக்கறது மெட்ரோ மேப் எங்க கிடைக்கும்னுதான், ரெண்டாவது போன்ல கார் கூப்பிடற தீதி ஆப் எப்படி போடறதுன்னு. பஸ் பத்தி இதுவரைக்கும் ஒருத்தர் கூட கேட்டதில்ல. நான் அங்க ஹைசூ பக்கம், ஜோங்டா துணி மார்க்கெட்டுக்கு நடக்கற தூரத்துல மூணு வருஷம் இருந்தேன், திருப்பூர் கம்பெனி ஒண்ணுக்கு துணி பாத்து அனுப்பற வேலை. முதல் ஆறு மாசம் நானும் அப்படித்தான், மெட்ரோ இல்லன்னா தீதி. அப்புறம்தான் பஸ்ஸுக்கு மாறினேன். முதல்லயே சொல்லிடறேன், டைமுக்கு போய் சேரணும்னா மெட்ரோதான், அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. ஆனா அந்த ஊரு காலைல என்ன வாங்குது, யாரு யாருக்கு எடம் விடறாங்க, எதுக்கு சண்ட போடறாங்கன்னு தெரியணும்னா அந்த ரெண்டு யுவான் பஸ்ஸ விட்டா வேற வழி எனக்கு தெரியல.

மெட்ரோவ குறை சொல்ல மாட்டேன். 1997ல முதல் லைன் ஆரம்பிச்சு இன்னிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான், அப்புறம் தூரத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ஏறும். மாண்டரின், அந்த ஊர் பேச்சான கான்டனீஸ், இங்கிலீஷ்னு மூணு மொழில அறிவிப்பு வரும், எல்லா போர்டுலயும் இங்கிலீஷ் இருக்கும், மெஷின்ல காச போட்டா சென்னை மெட்ரோல முன்னாடி குடுத்த மாதிரியே வட்டமா ஒரு பிளாஸ்டிக் டோக்கன் வரும். சீன மொழில ஒரு எழுத்து தெரியாதவங்க கூட முதல் நாளே தனியா போய்ட்டு வந்துடலாம். பைய ஸ்கேனர்ல போடணும், அது ஒரு நிமிஷ வேல. கஷ்டம்னா 3வது லைன்தான், காலைல எட்டரைக்கு தியூ ஷிலூ ஸ்டேஷன்ல நின்னு பாத்தவங்களுக்கு தெரியும், புளி மூட்ட மாதிரி அடைச்சு கதவு மூடும்.

எனக்கு மெட்ரோல இருந்த குறை வேற. நான் வேலை விஷயமா கெசுன் ஸ்டேஷன்ல லைன் மாறி வடக்க தியான்ஹ பக்கம் தினமும் போவேன், நடுவுல முத்து நதி இருக்கு, அதாங்க பேர்ல் ரிவர், அதுக்கு அடியில தினமும் ரெண்டு தடவ போய்ட்டு வந்திருக்கேன், அந்த ஆத்த கண்ணால பாத்தது மூணாவது வாரம். ஒரு குழில இறங்கி இன்னொரு குழில ஏறினா நமக்கு தெரியற ஊரு அந்த குழிங்களோட வாசல் மட்டும்தான். அது போக ஆறு மாசத்துல மெட்ரோல நான் ஒருத்தர்கிட்ட கூட பேசல, பேச வேண்டிய அவசியமே வரல. எல்லாத்தையும் போர்டு சொல்லுது, மெஷின் சொல்லுது, போன் சொல்லுது. பஸ்ல அப்படி இல்ல, அங்க போனா ஏறின உடனே யார்கிட்டயாவது உதவி கேக்க வேண்டி வரும்.

நான் முதல் தடவ ஏறினப்ப என்கிட்ட இருந்தது ஒரு 10 யுவான் நோட்டு, போன்ல காச கட்டற பஸ் கோடு அப்ப வெச்சிருக்கல. கண்டக்டர் கிடையாது, முன்னாடி கதவுல ஏறி பெட்டில காச போடணும் இல்ல கார்டு தட்டணும் இல்ல கோடு காட்டணும், பின்னாடி கதவுல இறங்கணும், பெட்டில போட்ட காசுக்கு மீதி கிடையாது. டிரைவர் கைய காட்டி என்னமோ சொன்னாரு, எனக்கு புரியல, பின்னாடி நின்ன ஒரு அம்மா என் நோட்ட வாங்கி பெட்டில போட்டுட்டு என்ன அந்த பெட்டி பக்கத்துலயே நிக்க வெச்சாங்க. அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது, அடுத்தடுத்து ஏறறவங்க போடற ரெண்டு யுவான நான் கைல வாங்கிக்கணும், எட்டு யுவான் சேந்ததும் போய் உக்காரலாம். சில்லறை காலத்து பழைய ஏற்பாடு அது. ஆனா இப்ப எல்லாரும் போன தட்டிட்டு போய்டறாங்க, ஆறு ஸ்டாப் நின்னும் எனக்கு நாலு யுவான்தான் சேந்துது, அந்த அம்மா விடல, ஏறற ஒவ்வொருத்தர்கிட்டயும் சில்லறை இருக்கான்னு எனக்காக கேட்டுட்டே இருந்தாங்க. மீதி நாலு யுவான் வரவே இல்ல, எனக்கு அது ஒரு பொருட்டாவும் படல. ஒரு பஸ்ஸு மொத்தமும் அன்னிக்கு என்ன திரும்பி பாத்து சிரிச்சுது, எந்த ஊர்னு கேட்டுது, இந்தியான்னு சொன்னதும் ஒரு தாத்தா கைய ஆட்டி ஆட்டி டான்ஸ் ஆடி காமிச்சாரு, மெட்ரோல ஆறு மாசத்துல நடக்காதது இருவது நிமிஷத்துல நடந்துது.

பஸ்ல எந்த நேரத்துல ஏறறோம்ங்கறதுதான் முக்கியம். ஏழரைல இருந்து ஒம்போது வரைக்கும் ஆபீஸ் கூட்டம், எல்லாம் போன்ல மூழ்கி இருக்கும், அதுல பாக்க ஒண்ணுமில்ல. ஒம்போதரைக்கு மேல பஸ்ஸு வயசானவங்க கைக்கு போய்டும். அந்த ஊர்ல 65 தாண்டினவங்களுக்கு பஸ்ஸும் இலவசம் மெட்ரோவும் இலவசம், இருந்தாலும் அவங்க பஸ்ஸுக்குதான் வர்றாங்க, ஏன்னா மெட்ரோன்னா எவ்வளவு படி, எவ்வளவு நடை, பஸ் ஸ்டாப்னா வீட்டுக்கு பக்கத்துலயே இருக்கு, பாதி நேரம் உக்காந்தே போகலாம். சக்கரம் வெச்ச துணி பை, அதுக்குள்ள கீரை, வால ஆட்டிட்டு இருக்கற மீனு பிளாஸ்டிக் கவர்ல, பேரன இழுத்துட்டு வர்ற பாட்டி. நல்ல மீனு எந்த மார்க்கெட்ல கிடைக்கும், பன்னி இறைச்சி இன்னிக்கு என்ன விலைன்னு சத்தமா பேசிட்டு வருவாங்க, சண்ட போடறாங்களோன்னு நெனைக்கற அளவுக்கு சத்தம், ஆனா சண்ட இல்ல, கான்டனீஸ் பேச்சே அப்படித்தான்.

அந்த கான்டனீஸ் எனக்கு காதுல விழுந்ததே பஸ்லதான். ஆபீஸ்லயும் மார்க்கெட்லயும் வெளியூர்க்காரங்க அதிகம், எல்லாரும் மாண்டரின்தான். பஸ்ல ஒவ்வொரு ஸ்டாப்பும் முதல்ல மாண்டரின்ல "ஷியா யீ ஜான்", அப்புறம் கான்டனீஸ்ல "ஹா யாட் ஜாம்"னு வரும், அடுத்த ஸ்டாப்னு அர்த்தம். ரெண்டையும் மாத்தி மாத்தி கேட்டுட்டே போனா ஒரு மாசத்துல ஊரு பேரெல்லாம் ரெண்டு மொழிலயும் பழகிடும். ம், ட், க், ப்னு முடியற சத்தமெல்லாம் கான்டனீஸ்ல அப்படியே இருக்கறதால நம்ம நாக்குக்கு மாண்டரின விட அது சுலபமா ஒட்டுதுன்னு எனக்கு தோணும். கதவு தொறக்காம பஸ் கெளம்ப பாத்தா "யாவ் லோக்"னு கத்தணும், எறங்கணும்னு அர்த்தம். தேங்க்ஸ், தயவு செஞ்சு, கொஞ்சம் வழி விடுங்க எல்லாத்துக்கும் ஒரே வார்த்த, "ம்கோய்". நான் முதல் தடவ ம்கோய்னு சொல்லி வழி கேட்டப்ப ஒரு பாட்டி என்ன "லெங் ஜாய்"னு கூப்ட்டாங்க, அழகு பையான்னு அர்த்தம், அங்க கடைக்காரங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, தெரிஞ்சும் அன்னிக்கு முழுக்க சந்தோஷமா இருந்துது.

ஜன்னல் பத்தி சொல்லாம விட முடியாது. பிப்ரவரி மார்ச்ல அந்த ஊர் முழுக்க இலவ மரம் பூக்கும், நம்ம ஊர் முள்ளிலவுதாங்க, அதுதான் குவாங்சோவோட ஊர்ப்பூ. லிங்யுவான் ஷிலூ ரோட்டுல ரெண்டு பக்கமும் இலையே இல்லாம சிவப்பா நிக்கும், கீழ விழுந்த பூவ வயசானவங்க பொறுக்கிட்டு வந்து பஸ்லயே கவர தொறந்து எண்ணி பாப்பாங்க, காயவெச்சு சூப்புலயும் கஷாயம் மாதிரி ஒரு டீலயும் போடுவாங்களாம். நம்மூர்ல இலவு காத்த கிளின்னு பஞ்சுக்கு காத்திருந்த கதைய சொல்றோம், அங்க யாரும் காய் வரைக்கும் காத்திருக்கறதில்ல, பூவையே எடுத்துக்கறாங்க. சீனப் புத்தாண்டுக்கு முன்னாடி பூச்சந்தை போடற நாள்ல பஸ்ல ஏறினா கால் வெக்க எடம் இருக்காது, குட்டி ஆரஞ்சு காய்ச்ச தொட்டி செடியும் பீச் பூ கிளையுமா நிக்கும், ஒருத்தர் கிளை இன்னொருத்தர் முகத்துல இடிக்கும், யாரும் கோபப்பட்டு நான் பாத்ததில்ல. இதெல்லாம் மெட்ரோல போறவங்களுக்கு நடக்காதுன்னு இல்ல, ஆனா பஸ்ல இருபத்தஞ்சு பேருக்குள்ள நடக்கறதால நாமளும் அதுல ஒரு ஆளாயிடறோம்.

பஸ்லயே ரெண்டு விதம் இருக்கு, சாதா பஸ்ஸும் பிஆர்டியும். பிஆர்டின்னா ஜோங்ஷான் அவென்யூ நடுவுல பஸ்ஸுக்கு மட்டும்னு தனி வழி, 2010 பிப்ரவரில தொறந்தது, ஏஷியன் கேம்ஸ் நடந்த வருஷம், 22.5 கிலோமீட்டர், 26 ஸ்டேஷன். காசு ஸ்டேஷன் வாசல்லயே, உள்ள போய்ட்டா வெளிய வராம அதே திசைல வேற பஸ் மாறிக்கலாம் திரும்ப காசு கிடையாது. ரோடு அடைச்சு நிக்கறப்ப இது மட்டும் சர்ருனு போகும், அந்த வழிய முடிச்சுட்டு அதே பஸ் சாதா ரோட்டுல இறங்கி வீட்டுப்பக்கம் வரைக்கும் போகும், இது நல்ல யோசன, மெட்ரோனால முடியாத வேல. காங்டிங் ஸ்டேஷன்ல சாயங்காலம் வரிசையா பஸ் வந்து நிக்கறத மேல பாலத்துல இருந்து பாருங்க. ஆனா நான் சொல்ற அந்த மார்க்கெட் பேச்சு, மீனு கவரு, பாட்டி, இதெல்லாம் பிஆர்டில கம்மி, அது ஆபீஸ் போறவங்க, காலேஜ் பசங்க வண்டி. அவசரமும் இருக்கு பஸ்ஸும் வேணும்ங்கறவங்களுக்கு அது.

தீதி பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. காசு கட்டற ஆப் அலிபேக்குள்ளயே இருக்கு, இங்கிலீஷ்ல வரும், மெசேஜ மொழி மாத்தி குடுக்கும், டிரைவர் உங்க போன் நம்பரோட கடைசி நாலு எண்ண கேப்பாரு அத மட்டும் சீனத்துல சொல்ல பழகிக்கோங்க. ரோட்டுல போற டாக்சி முதல் 3 கிலோமீட்டருக்கு 12 யுவான், பஸ்ஸுக்கு ஆறு மடங்கு. சாம்பிள் துணி மூட்டை, ராத்திரி நேரம், உடம்பு சரியில்ல, பெரியவங்க கூட இருக்காங்க, இதுக்கெல்லாம் கண்ண மூடிட்டு தீதி. ஆனா பின்சீட்ல உக்காந்தா பாதி நேரம் போன்லதான் போகுது.

வாடக சைக்கிள் மஞ்சள், நீலம், பச்சைன்னு மூணு கம்பெனி, பாஸ்போர்ட் வெச்சு பதிவு பண்ணணும், பஸ் ஸ்டாப்ல இருந்து வீடு வரைக்கும் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ரொம்ப நல்லது, மே ஜூன் மழைல வேணாம். ஆத்தோரம் ஒரு டிராம் இருக்கு, அழகு, 2 யுவான், டூரிஸ்ட் கூட்டம். இது எல்லாத்தையும் விட எனக்கு பஸ்ஸுக்கு உண்மையான போட்டின்னா அது படகுதான், தண்ணி பஸ்னே பேரு, ஒண்ணு ரெண்டு யுவான்ல ஆத்த தாண்டலாம், பாங்சுன் பக்கத்துல இருந்து ஹுவாங்ஷாவுக்கு சைக்கிள தள்ளிட்டே ஏறறவங்க கூட நின்னு சாயங்கால காத்து வாங்கிட்டு போனா பத்து நிமிஷத்துல ஒரு நாள் களைப்பு போய்டும். போக முடியற எடம்தான் கொஞ்சம்.

பஸ் எங்க தோக்குதுன்னும் சொல்லணும். மெட்ரோல அரை மணி நேரம்னா பஸ்ல ஒரு மணி நேரம் கூட ஆகும். நிறைய ரூட்டு பத்து பத்தரைக்கு முடிஞ்சிடும், அப்புறம் "யே"னு ஆரம்பிக்கற ராத்திரி பஸ் மட்டும்தான். ஸ்டாப் பலகைல ரூட்டு முழுக்க சீன எழுத்து, டோங் ஷி நான் பெய், அதாவது கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு, இந்த நாலு எழுத்தையாவது கண்ணுக்கு பழக்கிக்கலன்னா ஒரே பேர்ல இருக்கற ஸ்டாப்ல தப்பான பக்கம் நிப்பீங்க, நான் மழைல நாப்பது நிமிஷம் நின்னிருக்கேன். கூகுள் மேப் அங்க உதவாது, ஆமேப் போடுங்க, பஸ் எத்தன ஸ்டாப் தள்ளி வருதுன்னு காட்டும். டிரைவர்கிட்ட பேசறதுன்னா பஸ் நின்னப்புறம் பேசுங்க, 2018 அக்டோபர்ல சோங்சிங் பக்கம் வான்ஜோவுல ஒரு பயணி டிரைவர்கிட்ட தகராறு பண்ணி பஸ்ஸு பாலத்துல இருந்து யாங்சி ஆத்துக்குள்ள விழுந்து 15 பேர் போய்ட்டாங்க, அதுக்கப்புறம்தான் நாடு பூரா டிரைவர் சீட்ட சுத்தி தடுப்பு வந்துது. ஓடற பஸ்ல டிரைவர்கிட்ட குரல் ஏத்தினா இப்ப சுத்தி இருக்கறவங்களே நிறுத்துவாங்க.

புதுசா யாராவது வந்தா நான் சொல்றது இதுதான். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் மெட்ரோல போங்க, மூட்டை இருந்தா தீதி. ஞாயித்துக்கெழம காலைல ஒம்போதரைக்கு மேல ஜோங்ஷான் ரோடு வழியா மேற்க லீவான் பக்கம் போற எந்த பஸ்லயாவது ஏறுங்க, மேல கம்பில ஓடற டிராலி பஸ் வந்தா இன்னும் நல்லது, அது 1960ல இருந்து அந்த ஊர்ல ஓடுது. பின்கதவுக்கு பக்கத்துல ஜன்னல் சீட்டு, முன்னாடி இருக்கற வேற கலர் சீட்டு பெரியவங்களுக்கு. பழைய தூண் வெச்ச கடை வரிச வர ஆரம்பிச்சதும் கூட்டம் எங்க இறங்குதோ அங்க இறங்கி அவங்க பின்னாடியே சாப்பிட போங்க. போன்ல கோடு வேல செய்யலன்னாலும் பரவால்ல, ஒரு யுவான் காசு ரெண்டு மட்டும் பாக்கெட்ல போட்டுக்கோங்க, பத்து யுவான் நோட்டு வேணாம்.