மதிரானா, காவோரா, மெதோக்கா? காரைக்கால் வீட்டில் பத்து வருடம் வைத்துப் பார்த்த மூன்று சிவப்பு ஒயின்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டா வெயிலில், சாதாரண அறையில் ஒரு நல்ல சிவப்பு ஒயினை வருடக்கணக்கில் வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம், வாங்கிய வருடமே குடித்துவிடுங்கள் என்பேன். ஒயின் பிரிட்ஜும் பொறுமையும் இருக்கிறது என்றால் போர்தோ என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு ஒயின் வட்டாரத்தின் பெயரைப் பார்த்து மயங்காமல், தென்மேற்கு பிரான்சின் மதிரானைத் தேடுங்கள். இந்த இரண்டு முடிவுக்கும் வந்து சேர எனக்குப் பத்து வருடமும் பதினைந்து பாட்டிலும் ஆயின.

எங்கள் வீட்டுக்கு ஒயின் புதிது இல்லை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், காரைக்காலில் சொல்தா வீடு என்றால் எங்கள் தெருவில் எங்களைத்தான் சொல்வார்கள். சித்தப்பாவும் அதே வழியில் போய், ஓய்வு பெற்று, துலூஸுக்கு வடக்கே மோந்தோபானில் குடியிருக்கிறார். 2013 கடைசியில் சித்தப்பா, சித்தி, தங்கை மூன்று பேரும் வந்தார்கள். ஆளுக்கு 2 லிட்டர்தான் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம், 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு. மூன்று பேருக்கு ஆறு. சித்தப்பா அந்த ஆறையும் யோசித்து எடுத்து வந்திருந்தார்: மதிரான், காவோர், மெதோக் என்று மூன்று ஊர் ஒயின், எல்லாமே 2010 அறுவடை, ஒவ்வொன்றிலும் இரண்டு. அங்கே ஒவ்வொன்றிலும் ஆறு வாங்கி, மீதியைத் தன் வீட்டு நிலவறையில் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரே ஒயின், ஒரே வருடம், கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே. இப்படி ஒரு ஒப்பீடு செய்து பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது.

மூன்றும் கறுப்புக்குப் பக்கத்தில் போகும் அழுத்தமான சிவப்பு. ஆனால் ஆள் வேறு வேறு. மெதோக் போர்தோவைச் சேர்ந்தது, கபர்னே சோவின்யோன் திராட்சையோடு மெர்லோவும் கலந்திருக்கும். 1855ல் தரம் பிரித்த புகழ்பெற்ற பட்டியல் இந்தப் பகுதிக்குத்தான் பெரும் பெயர் கொடுத்தது. எங்கள் பாட்டில் அந்தப் பட்டியலில் வராத சிறிய பண்ணையினுடையது, அப்படியும் சித்தப்பா கொடுத்த விலை மற்ற இரண்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. காவோர், லோத் ஆற்றங்கரை ஊர். அங்கே மல்பெக் திராட்சை குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். 1956 பிப்ரவரியில் விழுந்த உறைபனியில் அந்த வட்டாரத்துக் கொடிகள் பெரும்பாலும் செத்து, மறுபடி நட்டு, 1971ல்தான் அதற்கென்று தனி அங்கீகாரம் கிடைத்தது. மதிரான், பிரனே மலைகளுக்கு வடக்கே கஸ்கோன் பக்கம். திராட்சை தன்னா. துவர்ப்பு தரும் டானின் என்ற பொருள் இதில் அவ்வளவு கூடுதல். 1991ல் அந்த ஊர்க்காரர் பத்ரிக் துகூர்னோ, தொட்டியில் இருக்கும் ஒயினுக்குள் துளித்துளியாக ஆக்ஸிஜன் விட்டு அதை மிருதுவாக்கும் ஒரு முறையையே உருவாக்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டானின் என்றதும் பலர் கசப்பு என்கிறார்கள். கசப்பு இல்லை, துவர்ப்பு. பாகற்காய் கசக்கும், வாழைக்கச்சல் துவர்க்கும். பச்சைப் பாக்கை மென்றால் கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிறதே, சரியாகப் பழுக்காத நாவல்பழம் நாக்கில் துணி போர்த்தியது மாதிரி ஆக்குகிறதே, அதுதான். டானின் நம் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாயில் வழுவழுப்பு போய்விடுகிறது. அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்த நமக்கு, அழுத்தமான சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை.

வருடக்கணக்கில் வைக்கும்போது நடப்பதும் இந்தத் துவர்ப்பைச் சுற்றித்தான். டானினும் நிறமும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கடைசியில் கனம் தாங்காமல் அடியில் வண்டலாகப் படிகின்றன. வாயில் கடித்தது குறைகிறது, ஊதா கலந்த சிவப்பு செங்கல் நிறத்துக்கு வருகிறது, பழ வாசம் பின்னால் போய் தோல், புகையிலை, காய்ந்த பழம் என்று வேறு வாசங்கள் முன்னால் வருகின்றன. டானினும் புளிப்பும் நிறைய இருக்கும் ஒயின்தான் இந்தப் பயணத்தைத் தாங்கும்.

2014 பொங்கலுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று திறந்தோம். இளசிலேயே குடிப்பதற்கு மூன்றில் சந்தேகமில்லாமல் மெதோக்தான் முன்னால் நின்றது. கருந்திராட்சை வாசம், அதற்குப் பின்னால் சீவிய பென்சில் மாதிரி ஒரு மரவாசம், தொண்டையில் பட்டும் படாமல் இறங்கியது. காவோர் அதற்கு அடுத்து. மதிரானைக் குடித்த மச்சான் முகத்தைச் சுளித்து டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். எனக்கும் அன்றைக்கு அது பிடிக்கவில்லை. ஈறு முழுக்கப் பிடித்துக்கொண்டது, நாலு வாய் சோறு சாப்பிட்ட பிறகுதான் விட்டது. சித்தப்பா மட்டும், “டேய், இது உங்க ஊர் வெயிலு. இங்க பேரு நிக்காது, துவர்ப்புதான் நிக்கும், பாத்துக்கோ” என்றார்.

மீதி மூன்றையும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இருட்டு அறையில், தக்கை நனைந்திருக்கும்படி படுக்க வைத்தேன். அந்த அறையில்தான் அம்மா புளிப்பானையும் ஊறுகாய் ஜாடியும் வைப்பார். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வெப்பமானி வாங்கி மாட்டிய பிறகுதான் உண்மை தெரிந்தது. மார்கழியில் 26, சித்திரை வைகாசியில் 33, 34. ஒயினுக்கு வேண்டியது 12லிருந்து 14 டிகிரி, அதுவும் ஏறி இறங்காமல். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. அப்படியென்றால் நம் ஊர் அறையில் ஒரு வருடம் என்பது நிலவறையில் மூன்று நாலு வருடம். ஆனால் சீக்கிரம் வயதாவது வேறு, நன்றாக முதிர்வது வேறு. சூட்டில் வைத்தால் முதிர்ந்த வாசங்கள் வருவதற்கு முன்னாலேயே ஒயின் வெந்துவிடுகிறது. நெல்லை ஒரு வருடம் பழசாக்கிச் சோறு பொலபொலவென்று வருவதை வைத்து ஒயினையும் கணக்குப் போட முடியாது, நெல்லுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளும்.

2016ல் சித்தப்பா குடும்பம் மறுபடி வந்து இன்னொரு ஆறு கொண்டுவந்தபோது, இந்தத் தடவை தப்பு செய்யக் கூடாது என்று ஒயின் பிரிட்ஜ் வாங்கினேன். வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கம்ப்ரஸர் இல்லாமல் பெல்டியர் முறையில் ஓடும் சின்னப் பெட்டிகள் விலை குறைவு, சத்தமும் இல்லை. ஆனால் வெளியில் இருக்கும் சூட்டைவிட ஓரளவுக்குக் கீழேதான் அவற்றால் இறக்க முடியும். அக்னி நட்சத்திரத்தில் அறை 35 என்றால் உள்ளே 14 என்பது நடக்காத காரியம். முதலில் வாங்கியது அந்த மாதிரிதான், மே மாதத்தில் உள்ளே 21க்குக் கீழே இறங்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்ப்ரஸர் வைத்ததை எடுத்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த பிறகு எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. கதவைத் திறக்கவே விடாமல், மேலே ஜமக்காளம் போட்டு மூடி வைத்திருந்தேன். நாலாம் நாள் உள்ளே 23 காட்டியது. ஐப்பசி கார்த்திகை என்பதால் பிழைத்தது, அதே புயல் மே மாதம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

2019 பொங்கலுக்கு, ஐந்து கோடை பார்த்த அந்தப் படியடி அறை பாட்டில்கள் மூன்றையும் வெளியே எடுத்தேன். மெதோக் பாட்டிலைத் தூக்கும்போதே கையில் பிசுபிசுப்பு. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையை வெளியே தள்ளி, கழுத்து வழியாகக் கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே பழுப்பு நிறம், புளித்த காடி வாசம். ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை, சாக்கடையில் ஊற்றினேன், அன்றைக்கு மனசு சரியில்லை. காவோர் கெடவில்லை, ஆனால் தட்டையாக இருந்தது, பழைய பேரீச்சம்பழத்தை வெந்நீரில் கரைத்த மாதிரி. மதிரான் மட்டும் நின்றது. வெந்த பழத்தின் இனிப்பு வாசம் அதிலும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் துவர்ப்பும் புளிப்பும் உள்ளே எலும்பு மாதிரி அப்படியே இருந்தன, 2014ல் டம்ளரைத் தள்ளி வைத்த மச்சான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

2020 பொங்கலுக்கு பிரிட்ஜில் இருந்தவற்றில் ஒவ்வொன்று. பத்து வயது. இங்கே கதை மாறியது. மூன்றும் நன்றாக இருந்தன, அன்றைக்கு என் கையில் விட்டால் காவோருக்குத்தான் முதலிடம். துவர்ப்பு பட்டுத்துணி மாதிரி மெலிந்து, பழம் இன்னும் போகாமல், மழை பெய்த மண் வாசம் கொஞ்சம் கலந்து, எதுவும் எதையும் அமுக்காமல் இருந்தது. மெதோக் அழகு, ஆனால் இதற்கு மேல் வைத்தால் இறங்கும் என்று தோன்றியது. மதிரான் இன்னும் முறுக்காக இருந்தது.

2023ல் சித்தப்பா குடும்பம் மறுபடி வந்தது. நிலவறையிலிருந்து 2010 மூன்றும், கூடவே 2018 மதிரான் இரண்டும். என் பிரிட்ஜில் மிச்சமிருந்த மூன்றையும் சேர்த்து, ஒன்றுக்கு எதிராக ஒன்றாக வைத்தோம். இரண்டு நாள் முன்பே எல்லாப் பாட்டிலையும் நிமிர்த்தி நிறுத்தி, வண்டல் அடியில் உட்கார விட்டேன். அம்மா சமையலறையில் நின்று, போன் டார்ச்சைப் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் பிடிக்கச் சொல்லி, வடித்த கஞ்சியைத் தெளிவாக இறுக்கிற அதே கையோடு ஆறையும் ஜாடிகளுக்கு மாற்றினார். கறுப்பு இழை ஒன்று கழுத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார், ஒரு சொட்டு வண்டல்கூட வரவில்லை. மதிரானில்தான் அதிகம், பாட்டிலைக் கவிழ்த்தால் அடியில் களிமண் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. எது எந்தப் பாட்டில் என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், எங்களுக்கு டம்ளர் அடியில் எண் மட்டும்.

நிலவறைக்கும் பிரிட்ஜுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நாங்கள் எல்லோரும் திணறினோம். காவோரில் சித்தப்பாவே மாற்றிச் சொன்னார். மெதோக்கில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. நிலவறையில் இருந்தது உயிரோடு இருந்தது, என்னுடையது ஒரு படி களைத்திருந்தது. இங்கே நாலு நாள் கரண்ட் போனதையும் அடிக்கடி கதவு திறந்ததையும் அது கணக்கு வைத்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2010 மதிரான் இரண்டும் அன்றைக்கு எல்லாவற்றையும் தாண்டிப் போயின. தோல் வாசம், காய்ந்த பிளம்ஸ், கருப்பட்டி சுட்ட மாதிரி ஒரு புகை, விழுங்கிய பிறகும் நெடுநேரம் நின்ற சுவை. 2014ல் ஈறைப் பிடித்த அதே ஒயின்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் துவர்ப்பான ஒயினை வெறும் வாயில் குடித்துவிட்டு நன்றாக இல்லை என்பவர்கள் நிறைய. கடற்கரை ஊர், கையில் எப்போதும் மீன் இருக்கும், ஆனால் இந்த ஒயின்களுக்கு மீன் ஒத்துவராது. ஒயினில் இருக்கும் இரும்புச் சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் கவிச்சி வாசம் தூக்கும். காரமும் எதிரிதான், மிளகாய் போட்ட குழம்போடு குடித்தால் சாராயச் சூடும் துவர்ப்பும் இரண்டு மடங்காகத் தெரியும். மதிரான் ஊரில் வாத்துதான் பிரதானச் சாப்பாடு. நம் டெல்டாவிலும் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறார்கள். மிளகாயைக் குறைத்து, மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்டு, வாத்தின் கொழுப்பிலேயே வறுத்தால் அந்தக் கொழுப்பும் புரதமும் துவர்ப்பை வாங்கிக்கொள்கின்றன. ஆட்டுக்கறி மிளகு வறுவலும் சரி. அறை வெப்பத்தில் பரிமாறு என்பது பிரான்சு அறைக்குச் சொன்னது, நம் அறை 30, ஆகவே சாதாரண பிரிட்ஜில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வைத்து எடுங்கள், 17, 18க்கு வரும்.

நாசிக் ஷிராஸ், நந்தி மலைப் பக்கத்து கபர்னே மாதிரி நம் நாட்டு ஒயின்களை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நாலு வருடம் பிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், பழம் மங்கியது, பதிலுக்கு எதுவும் வரவில்லை. பெரும்பாலும் இளசில் குடிப்பதற்கென்றே அவற்றைத் தயாரிக்கிறார்கள், அப்படிக் குடித்தால் நன்றாகவே இருக்கின்றன. ஒயின் பிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு என் பதில் இதுதான், பிரெஞ்சு பாட்டிலைப் படியடியில் சாகவிடுவதைவிட இது மேல். யாராவது ஒரு பாட்டில் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள், ஒரு வருடத்துக்குள் குடிப்பீர்கள் என்றால் சாதாரண பிரிட்ஜின் அடித்தட்டு போதும். அதற்கு மேல் அந்த வறண்ட குளிரில் தக்கை காயத் தொடங்கும்.

பிரிட்ஜ் இருந்து, ஐந்தாறு வருடம் பொறுப்பேன் என்பவர்கள் காவோர் வாங்கலாம், பத்து வருடத்துக்கு மேல் என்றால் மதிரான். மெதோக்கை நான் இனி இங்கே கொண்டுவரச் சொல்லப் போவதில்லை, மோந்தோபான் போனால் சித்தப்பா வீட்டு நிலவறை வாசலில் உட்கார்ந்து குடித்துக்கொள்கிறேன். அந்த 2018 மதிரான் இரண்டும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுத்திருக்கின்றன. ஒன்று 2028 பொங்கலுக்கு, வாத்துக்கறி மச்சான் பொறுப்பு. இன்னொன்றைச் சித்தப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு என்று அம்மா பாட்டிலிலேயே காகிதம் ஒட்டி எழுதி வைத்துவிட்டார்.