கிரைண்டர் பெல்ட் மாற்றப் போன இடத்தில் டாக்கோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்கு நான் சாப்பிடப் போகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மதுரையில் கிரைண்டர் சர்வீஸ் பார்க்கிறேன். ஓட்டல், மெஸ், கல்யாண மண்டபம் என்று டில்டிங் கிரைண்டர் எங்கே படுத்துக்கொண்டாலும் எனக்குப் போன் வரும். தை மாதம் நரிமேட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, பெல்ட் வழுக்குது. இது மூணாவது பெல்ட்டுண்ணே." போய்ப் பார்த்தால் வீட்டு முன்னறையை இடித்துப் போட்ட சின்னக் கடை. நாலு மேசை, பிளாஸ்டிக் ஸ்டூல், சுவரில் கிளிப்பச்சை பெயின்ட். இட்லிக் கடையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிரைண்டர் மூடியைத் தூக்கினேன். உள்ளே மஞ்சள் மஞ்சளாக மக்காச்சோளம். குப்பென்று சுண்ணாம்பு வாடை.

எவனோ வெள்ளையடிக்க வைத்திருந்த வாளியைத் தட்டிவிட்டான் போலிருக்கிறது என்று எனக்குத் திக்கென்றது. கடைக்காரத் தம்பி சிரித்தார். மேலூர்ப் பக்கத்துக்காரர். சொகுசுக் கப்பல் கிச்சனில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். உடன் வேலை பார்த்த மெக்சிகோக்காரர்களிடம் கற்றுக்கொண்டதாம் இது. ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு, அதுவும் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு. தண்ணீரில் கரைத்துச் சோளத்தை வேகவைத்து, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட்டு, காலையில் நாலைந்து தண்ணீரில் கசக்கிக் கழுவினால் ஊறின உளுந்துத் தோல் மாதிரி சோளத்தோல் வழுகிக்கொண்டு வந்துவிடும். அதை அரைத்தால் வருகிற மாவுக்குப் பெயர் 'மாசா'.

பெல்ட் வழுக்கியதற்குக் காரணமும் அதுதான். இட்லி மாவு தளர்ந்து ஓடும், கல்லும் சுகமாக உருளும். இந்த மாவோ சப்பாத்தி மாவு பதத்துக்குக் கெட்டியாக வர வேண்டும். பத்து லிட்டர் கிரைண்டர் என்பதற்காக ஆறு கிலோ சோளத்தை ஒரேயடியாகக் கொட்டினால் மோட்டார் என்ன செய்யும்? இரண்டிரண்டு கிலோவாகப் போடச் சொன்னேன். கல்லையும் பார்த்தேன், வழுவழு என்று தேய்ந்துபோயிருந்தது. கொத்திக் கொடுத்தேன். மெக்சிகோவில் இதை அரைக்கிற கல்லின் படத்தைப் போனில் காட்டினார். நம்ம அம்மிதான், மூன்று கால் மட்டும் கூட இருக்கிறது. அதையும் அவ்வப்போது கொத்தத்தான் வேண்டுமாம். அந்த ஊரிலும் என் தொழிலுக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம்.

அன்றைக்குக் கூலியோடு இரண்டு டாக்கோ கொடுத்தார். சோள ரொட்டிக்குள் கறி வைத்து மடித்துத் தின்கிற மெக்சிகோ பண்டம் அது. அதற்குப் பிறகு ஆறு தடவை காசு கொடுத்துச் சாப்பிட்டாயிற்று. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

டாக்கோ என்றால் முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று மடித்து வைத்திருப்பார்களே, அது இங்கே கிடையாது. அதெல்லாம் அமெரிக்காவில் பிரபலமான வகை. இங்கே கொடுப்பது மெத்தென்ற சோள ரொட்டி, உள்ளங்கை அகலம். தம்பி அதைப் போடுவதை ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். எலுமிச்சை அளவு உருண்டை. லேத் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்பு அழுத்தி, அதற்குள் கழுவி வெட்டிய பால் கவர் இரண்டு. இடையில் உருண்டையை வைத்து ஒரே அமுக்கு. கவரை உரித்துத் தோசைக்கல்லில் போடுகிறார். அரை நிமிஷத்தில் ஒரு திருப்பு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு திருப்பு, அப்புறம் விரல் நுனியால் லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான், தவளை வயிறு மாதிரி உப்புகிறது. உப்பவில்லை என்றால் அதைப் பரிமாறுவதில்லை, ஓரமாகப் போட்டுவிடுகிறார். மறுநாள் பொரித்துச் சிப்ஸாக வரும்.

வெறும் மக்காச்சோள மாவில் வீட்டில் ரொட்டி தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓரமெல்லாம் வெடித்து உதிரும். கோதுமையில் இருக்கிற இழுவை இதில் இல்லை. சுண்ணாம்பில் வெந்ததால்தான் மாவு ஒட்டிக்கொள்கிறது. என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் இன்னொன்று சொன்னாள். சோளத்தில் இருக்கிற நியாசின் சத்து நம் உடம்பில் சேராமல் பூட்டிக் கிடக்குமாம், சுண்ணாம்புதான் திறந்துவிடுகிறதாம். சோளம் மெக்சிகோவிலிருந்து கடல் தாண்டிப் போனபோது இந்தச் சுண்ணாம்பு வித்தை கூடப் போகவில்லை. அதையே மூன்று வேளையும் தின்ற இத்தாலி ஏழைகளுக்கும், பின்னால் அமெரிக்கத் தென் மாநிலத்து ஏழைகளுக்கும் பெல்லக்ரா என்ற நோய் வந்து, தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்திருக்கிறார்கள். நம்மூரில் பேரையூர், கல்லுப்பட்டிப் பக்கம் விளைகிறதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போய்விடுவதால் அந்தக் கதை நமக்குத் தெரியாது. (2018இல் வந்து சோளக்காட்டை அழித்த படைப்புழுவுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம்தான். தின்கிற பயிரைத் தேடிப் பின்னாலேயே வந்துவிட்டது.)

சரி, கறிக்கு வருவோம். மட்டன் டாக்கோ ஒன்று 90 ரூபாய். வாழை இலையில் சுற்றி மணிக்கணக்காக ஆவியில் வைத்த கறி. அங்கே ஆனைக்கற்றாழை மடலில் சுற்றிக் குழியில் புதைப்பார்களாம். மேலே பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், கொத்தமல்லித் தழை, ஒரு எலுமிச்சைத் துண்டு. மதுரை நாக்குக்கு முதல் கடியில் ஏமாற்றம்தான். மிளகு இல்லை, எண்ணெய் மிதக்கவில்லை. சுக்கா தின்று வளர்ந்தவனுக்கு 'மசாலா எங்கேப்பா' என்று இருக்கும். இரண்டாவது கடியில் கறியின் ருசியே தனியாகத் தெரிகிறது, அடியில் சோளத்தின் மணம். கையால்தான் சாப்பிட வேண்டும். டாக்கோவைச் சாய்க்காதீர்கள், தலையைச் சாயுங்கள். நான் முதல் நாள் பாதிக் கறியை வேட்டியில் போட்டுக்கொண்டேன்.

காரம் வேண்டுமென்றால் சிவப்புச் சட்னி. ராமநாதபுரம் குண்டு வத்தலைத் தேங்காய்ச் சிரட்டைக் கரிப்புகையில் வைத்து எடுத்து அரைக்கிறார். மெக்சிகோவில் புகைபோட்டுக் காயவைத்த மிளகாய்க்குச் சிபோட்லே என்று பெயர், இது அதற்கு நம்மூர்ப் பதிலி. பதிலி என்று தெரிந்தே சொல்கிறேன், இந்தக் கடையில் நான் இரண்டாவது தரம் கேட்டு வாங்குவது இதைத்தான். கோழி டாக்கோ 60, சுமார். பன்னீர் டாக்கோ வேண்டவே வேண்டாம், ரப்பர். வெண்ணெய்ப்பழத் துவையல் கொடைக்கானல் கீழ்மலைப் பழம் வருகிற நாட்களில் அருமை. ஒருநாள் அதில் மயோனைஸ் கலந்திருந்தார். கேட்டால், "காலேஜ் பசங்க கேக்குறாங்கண்ணே" என்றார். கேட்டால் கலந்துவிடுவதா?

ஒரு வருத்தம் உண்டு. மூன்றாவது தடவை குடும்பத்தோடு போயிருந்தேன். அன்றைக்கு ரொட்டி வழக்கத்தைவிட அடர் மஞ்சள், சோப்பு வாடை வேறு. ஒரு வாய் வைத்ததுமே என் மனைவி, "என்னங்க, பாக்கு இல்லாம வெத்தலை போட்ட மாதிரி நாக்கு பொத்துக்கிச்சு" என்றாள். தம்பியிடம் சொன்னால், "சோளம் அப்படித்தான்க்கா இருக்கும்" என்று அவளிடமே வாதம். நான் உள்ளே போய் மாவை விரலில் தொட்டு அவர் வாயருகே நீட்டினேன். அதற்குப் பிறகுதான் புதுப் பையன் ஒரே தண்ணீரோடு கழுவலை முடித்துவிட்டது தெரிந்தது. அடுக்கு நிறைய இருந்த மாவை அப்படியே குப்பையில் கொட்டினார், அது பெரிய மனசுதான். ஆனால் பில்லில் அந்தத் தட்டுக்கும் காசு போட்டிருந்தார். 240 ரூபாய். நானும் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் உறுத்துகிறது.

பச்சைச் சட்னிதான் கடைசிவரை சரியாக வரவில்லை. காய்த் தக்காளியில் அரைக்கிறார், புளிப்பு தட்டையாக இருக்கிறது. இதற்கு உண்மையான காய் எது என்று கேட்டேன். "டொமாட்டியோன்னு ஒண்ணுண்ணே. மேல காகிதம் மாதிரி ஒரு உறை, உள்ள பச்சையா உருண்டையா இருக்கும்." சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வரப்போரம் ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில் நெற்றியில் அடித்துப் பட்டென்று வெடிப்போமே, சொடக்குத் தக்காளி! போனில் தேடிப் பார்த்தோம், இரண்டும் நெருங்கிய சொந்தம்தான். நம்முடையது வேறு வகை, சுண்டைக்காய் அளவுதான் இருக்கும்.

போன வாரம் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு வேலையாகப் போனபோது வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். சுட்டு, பச்சை மிளகாய், உப்பு, கொத்தமல்லி வைத்து அரைத்தார். ஒரு கிண்ணம்கூட வரவில்லை. இனிப்பும் புளிப்பும் கடைசியில் துளி கசப்புமாக இருந்தது. மட்டனில் விட்டு நாங்கள் இரண்டு பேரே நின்றபடி தின்று தீர்த்தோம். மெனுவில் இல்லை, கேட்டாலும் கிடைக்காது.

சாயங்காலம் ஆறரைக்குத் திறக்கிறார், பத்து மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுகிறார். மதுரையில் பத்து மணிக்கு யாராவது கடை சாத்துவார்களா? செவ்வாய் லீவு. வண்டி நிறுத்தச் சந்தில் இடம் கிடையாது. ஒன்பது மணிக்குமேல் போனால் மட்டன் தீர்ந்திருக்கும்.