ஒரே ஆல்பத்தோடு 20 வருடம்: யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’

லண்டனுக்கு வந்த புதிதில் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் குடியிருந்தார். எண்பதுகளில் வந்தவர். முன்னறைச் சுவர் ஒன்று முழுக்க ரெக்கார்டும் சிடியுமாக இருக்கும். 2003 குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பச்சை அட்டை போட்ட சிடி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். “முதல் தரம் பிடிக்காது தம்பி. மூண்டு தரம் கேட்டுப்போட்டுத் தாங்கோ.”

அவர் சொன்னது அப்படியே நடந்தது. முதல் தடவை தலைவலிதான் மிச்சம். மூன்றாவது தடவைக்கு அப்புறம் சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே கடைக்குப் போய் எனக்கென்று ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து அந்த ஆல்பம் என்னோடுதான் இருக்கிறது. சிடியாக, எல்பி இசைத்தட்டாக, ரீமிக்ஸாக, இரண்டு முறை மேடையில் முழுசாக. ப்ராக் ராக்கை, அதாவது நீளமான, சிக்கலான அமைப்பில் ஓடும் ராக் இசையை, எதிலிருந்து தொடங்கலாம் என்று நண்பர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஏன் என்று ஒரு தடவை விரிவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

யெஸ், 1968-ல் லண்டனில் தொடங்கிய குழு. ‘குளோஸ் டு தி எட்ஜ்’ 1972 செப்டம்பரில் வெளிவந்தது. ஜான் ஆண்டர்சன் பாட்டு, ஸ்டீவ் ஹவ் கிட்டார், கிறிஸ் ஸ்கொயர் பேஸ் கிட்டார், ரிக் வேக்மன் கீபோர்டு, பில் புரூஃபர்டு டிரம்ஸ். மொத்தமே மூன்று பாட்டுதான். தலைப்புப் பாட்டு மட்டும் 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். எல்பியின் முதல் பக்கம் முழுவதும் அதுவே. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவலைப் படித்த பாதிப்பில் உருவான பாட்டு. அந்த நாவலில் வரும் ஆறு, வார்த்தைகளைவிட இசையில்தான் எனக்கு அதிகம் தெரிகிறது. ஆண்டர்சனின் வரிகளுக்கு நேரடிப் பொருள் தேடி நான் பல மாதங்கள் செலவழித்திருக்கிறேன். புதிதாகக் கேட்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம். அவர் சொற்களை ஓசைக்காகவும் எடுத்துப் போடுகிறவர். பாட்டோடு பாட்டாக விட்டுவிட்டால் உறுத்தாது.

முதல் தடவை தலைவலி வந்ததற்குக் காரணம் தொடக்கம்தான். பறவைச் சத்தம், தண்ணீர் ஓடும் சத்தம், மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வரும். ஒரு நிமிடம் போல அப்படியே போய், திடீரென்று ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். கிட்டார் ஒரு பக்கம் இழுக்கும், பேஸ் இன்னொரு பக்கம். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்றே தெரியாது. அதற்கு நடுவில் “ஆ” என்று ஒரே ஒரு குரல் வெட்டு. எல்லாம் நின்று, மறுநொடி மறுபடி பாய்ச்சல். முதல் சில வருடங்கள் எனக்கு இந்த மூன்று நிமிடம்தான் ஆல்பமே. இவர்கள் கை எவ்வளவு வேகம் என்று வியந்து வியந்து கேட்டிருக்கிறேன்.

இப்போது அப்படி இல்லை. இத்தனை வருடம் கேட்டதில் எனக்குள் மாறியது என்ன என்று கேட்டால், கவனம் நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டது. எட்டரை நிமிடம் தாண்டியதும் தாளம் முழுக்க விலகிவிடும். நீருக்கடியில் இருப்பது போன்ற கீபோர்டு ஒலி மட்டும். அதன்மேல் இரண்டு குரல் வரிசைகள், ஒன்றை ஒன்று துரத்தாமல், ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று வந்து உட்காரும். அவசரமே கிடையாது. நாலு நிமிடம் போல இப்படியே மிதந்து, பன்னிரண்டாவது நிமிடம் வாக்கில் ஒரு சர்ச் ஆர்கன் எழும். லண்டனின் செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தின் ஆர்கனில் வேக்மன் வாசித்துப் பதிவு செய்தது அது. ராத்திரி ஹெட்போனில் கேட்டால் ஆர்கனோடு அந்தக் கட்டடத்தின் காற்றும் சேர்ந்து வருவது போலிருக்கும். தொடக்கத்தில் அந்தக் களேபரத்தைக் கேட்டவருக்குத்தான் இந்த அமைதியின் எடை புரியும். இந்த அமைதியில் காத்திருந்தவருக்குத்தான் அப்புறம் வரும் ஹாமண்ட் என்ற மின் ஆர்கனின் பாய்ச்சல் உடம்பை உலுக்கும். அதனால் எனக்குப் பிடித்த இடத்தை மட்டும் தேடிப் போட்டுக் கேட்பதை விட்டுவிட்டேன். 18 நிமிடமும் ஒதுக்க முடிகிற நாளில்தான் போடுகிறேன்.

இன்னொன்று, பேஸ். ஸ்கொயர் வாசித்தது ரிக்கன்பேக்கர் பேஸ். விரலால் இல்லை, பிக் என்ற சின்னத் தகட்டை வைத்து வாசிப்பார். ஒலி அடியில் உறுமாமல், கிட்டார் மாதிரி முன்னால் வந்து பேசும். ரொம்ப நாள் அதைக் கிட்டார் என்றே நினைத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் கீழ்வீட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப பேஸை மட்டும் பின்தொடருங்கோ” என்று சொல்லி விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். அன்றைக்கு அது வேறு ஆல்பம் ஆகிவிட்டது. மூன்றாவது பாட்டான ‘சைபீரியன் காட்ரு’வையும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

இனி, எதில் கேட்பது என்ற விஷயம். எல்பி வாங்க ஆசைப்பட்டு, பழைய ரெக்கார்டு விற்பவர் ஒருவரிடம் தபாலில் வரவழைத்தேன். மிக நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். வந்ததைப் பார்த்தால் முதல் பக்கத்தில் குறுக்காக ஒரு கீறல், சரியாக அமைதியான பகுதியின் மேல். ஆர்கன் எழும் வரைக்கும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. திருப்பி அனுப்பினேன், பாதிப் பணம்தான் வந்தது. இரண்டாவது பிரதியை நேரில் போய், தட்டைச் சாய்த்து விளக்கில் பார்த்து வாங்கினேன். இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை அது முக்கியம். சத்தமான பகுதிகளில் எந்தக் கீறலும் மறைந்துவிடும்; இதில் மறைவதற்கு இடமில்லாத நிமிடங்கள் நிறைய.

எல்பியில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு பக்கத்தில் 18 நிமிடத்துக்கு மேல் அடைத்திருக்கிறார்கள். தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் ஓடும் பள்ளத்தின் வேகம் குறையும். அங்கே உச்ச ஒலிகள் கரகரக்கத் தொடங்கும். இந்தப் பாட்டின் உச்சம் வருவதோ கடைசியில்தான். ஊசி தேய்ந்திருந்தால் குரல்களில் ‘ஸ’ எல்லாம் சீறும். நல்ல ஊசி மாற்றியபிறகு பெருமளவு சரியானது. இத்தனைக்கும் நான் எல்பியை விடமாட்டேன். காரணம் அட்டை. ரோஜர் டீன் வரைந்தது. வெளியே வெறும் பச்சை, அடர்த்தியிலிருந்து வெளிர்வரை. யெஸ் குழுவின் பெயர் உருண்டை உருண்டையான எழுத்தாக வந்தது இந்த அட்டையில்தான் முதன்முதலாக. திறந்தால் உள்ளே, விளிம்பு நெடுக நீர் வழிந்து விழும் ஓர் ஏரி. சிடி அட்டையில் அது தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும்.

ஒலிக்கு மட்டும் என்றால் 2013-ல் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் பழைய பதிவை மறுபடி கலந்து செய்த ரீமிக்ஸ். பழைய மிக்ஸில் தொடக்கப் பாய்ச்சல் ஒரே குழம்பாக இருக்கும். வில்சன் அதைப் பிரித்து வைத்திருக்கிறார். புரூஃபர்டின் ஸ்னேர் டிரம் அடி எங்கே விழுகிறது, பேஸ் எங்கே விலகிப் போகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு இதையே கொடுங்கள். எனக்கு மட்டும், அந்தப் பழைய குழம்பலில் ஒரு மிரட்டல் இருந்தது, அது இதில் கொஞ்சம் குறைந்துவிட்டது என்ற எண்ணம். நல்லவேளை, அதே பெட்டியில் பழைய மிக்ஸையும் சேர்த்தே தந்திருக்கிறார்கள்.

ஸ்டூடியோவில் இந்தப் பாட்டைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து, நாடாவை வெட்டி ஒட்டித்தான் சேர்த்தார்கள். அதை மேடையில் ஒரே மூச்சில் எப்படி வாசிப்பது? ஆல்பம் முடிந்த கையோடு புரூஃபர்டு விலகி, கிங் கிரிம்சன் என்ற இன்னொரு ப்ராக் குழுவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்த ஆலன் வைட்டுக்குக் கச்சேரிச் சுற்றுக்கு முன் கிடைத்தது மூன்றே நாள். 1973-ல் வந்த ‘யெஸ்சாங்ஸ்’ மூன்று தட்டு நேரடி ஆல்பத்தில் அவர் இதை வாசிப்பதைக் கேட்கலாம். ஒலி மந்தம்தான், ஆனால் ஸ்டூடியோ பதிவைவிட வேகமும் முரட்டுத்தனமும் கூடுதல்.

நான் நேரில் பார்த்தது 2014 மே மாதம், ராயல் ஆல்பர்ட் ஹாலில். இந்த ஆல்பம் உட்பட மூன்று ஆல்பங்களை முழுசாக வாசித்த சுற்று அது. அந்த ஆல்பத்தைப் பதிவு செய்த ஐவரில் ஹவ், ஸ்கொயர் இருவர் மட்டும் மேடையில். டிரம்ஸில் ஆலன் வைட், பாட்டுக்கு ஜான் டேவிசன், கீபோர்டில் ஜெஃப் டௌன்ஸ். வேகம் குறைந்திருந்தது. முதல் ஐந்து நிமிடம் அது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் நடுப்பகுதி வந்ததும் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டது. டௌன்ஸ் கீபோர்டில் ஆர்கன் பகுதியைத் தொட்டபோது, அவருக்குப் பின்னால் 9,999 குழாய்கள் கொண்ட அந்த அரங்கத்தின் சொந்த ஆர்கன் பேசாமல் நின்றது. பேஸ் ஒலி காலடித் தரை வழியாக ஏறி முட்டியில் தெரிந்தது. இருபது முப்பது ஆண்டு எல்பியைத் தேய்த்தாலும் அது கிடைக்காது.

அடுத்த வருடம், 2015 ஜூன் 27 அன்று, ஸ்கொயர் இறந்துபோனார். அண்ணனுக்கு போன் செய்தேன். ரெண்டு பேரும் அதிகம் பேசவில்லை. “ஓம் தம்பி, கேட்டனான்” என்றார். அவ்வளவுதான்.

இடையில் 2019 ஜூனில் அதே அரங்கில் கிங் கிரிம்சனைப் பார்த்தேன். மேடையின் முன்வரிசையில் மூன்று டிரம்ஸ். பேஸ் வாசிக்கும் டோனி லெவின் தன் கேமராவை எடுக்கும் வரை யாரும் படம் எடுக்கக் கூடாது என்பது அப்போது அவர்கள் விதி. ஒரு போன் வெளிச்சம்கூட இல்லாத கச்சேரியில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு நிம்மதி என்று அன்றுதான் தெரிந்தது. ‘ஸ்டார்லெஸ்’ பாட்டின் நடுவில் ராபர்ட் ஃபிரிப் கிட்டாரில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருக்க, அதுவரை வெள்ளையாகவே இருந்த விளக்கு மெதுவாகச் சிவக்கத் தொடங்கியது. எந்த நொடியில் சிவப்பாயிற்று என்று சொல்ல முடியாது. எழுபதுகளின் இசைக்காரர்கள் காத்திருக்க வைக்கத் தெரிந்தவர்கள் என்று நான் சொல்வது இதைத்தான்.

2022 ஜூன். ஆல்பத்துக்கு 50 வருடம். மறுபடி யெஸ், மறுபடி அதே அரங்கம். மே 26-ம் தேதி ஆலன் வைட்டும் போய்விட்டார். பதிவு செய்த ஐவரில் மேடையில் ஹவ் ஒருவர் மட்டுமே. பேஸில் பில்லி ஷெர்வுட். ஸ்கொயரே தன் இடத்துக்குக் கைகாட்டிய ஆள். இது அசல் யெஸ்ஸே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஷெர்வுட் வாசித்த விதத்தில் சொந்த மிடுக்கு எதையும் திணிக்கவில்லை. ஸ்கொயர் எங்கே விலகுவாரோ அங்கே விலகினார், எங்கே வந்து அமர்வாரோ அங்கே அமர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்தேன். இரண்டாவது பாட்டான ‘அண்ட் யூ அண்ட் ஐ’யில் ஹவ் ஸ்டீல் கிட்டாரில் அந்தப் பெரிய வரியை இழுத்தபோது, முன்வரிசையில் நரைத்த தலைகள் பல கவிழ்ந்துவிட்டன.

வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. தூக்கம் வரவில்லை. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எல்பியை எடுத்தேன். முதல் பக்கம் போட மனசு வரவில்லை, திருப்பி இரண்டாம் பக்கம் போட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன், ஹவ் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் சுருதி சரிபார்ப்பது கேட்கும். 1972-ல் அந்த ஸ்டூடியோ அறையில் யாரோ ஒருவர், சாதாரணமாக, “ஓகே” என்கிறார்.