தேடல் வசதியோடு தளம் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நூலகப் பட்டியல், கோயில் ஆவணம், பழைய இதழ்த் தொகுப்பு என எதையாவது இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வைக்க நினைக்கிறவர்களுக்கு இந்தப் பதிவு. எங்கள் ஊர் வாசகசாலையில் சுமார் 11,000 புத்தகங்கள் உண்டு. அவற்றின் பட்டியலைத் தளமாக்கித் தருவதாக வந்த ஒருவரிடம் 64,000 ரூபாய் போய்விட்டது. பெயரை வெளியிட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆளை விடுங்கள், நடந்த விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இதே பாணியில் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் டெமோ. அவருடைய மடிக்கணினி, அவர் ஏற்றி வைத்திருந்த புத்தகங்கள், தேடுகிற சொல்லையும் அவரே தட்டினார். டக்கென்று விடை வந்தது. எங்கள் பட்டியலில் இருந்து நூறு வரி ஏற்றிக் காட்டுங்கள் என்றதற்கு, “அதெல்லாம் ஆர்டர் கன்ஃபர்ம் ஆன பிறகுதான் சார்” என்றார். இந்தப் பதிலை யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். நூறு வரியை ஏற்றிக் காட்டுவது ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

தளம் தயாரானதும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தேடினால் எதுவும் வரவில்லை. காரணம் எங்கள் பட்டியலின் வயது. பல வருடங்களுக்கு முன் ஒரு டிடிபி கடையில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வாங்கியது அது. பாமினியில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். இன்று கைபேசியும் கணினியும் பயன்படுத்துகிற பொதுக் குறிமுறையான யூனிகோடில் ‘அம்மா’ என்று தட்டித் தேடினால் அது எப்படிக் கிடைக்கும்? இதை மாற்றித் தருவதற்கென்றே ‘ஃபான்ட் கன்வர்ஷன்’ என்று 12,000 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார். மாற்றவே இல்லை. பாமினி எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்து ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். பார்க்கிறவருக்குத் தமிழ், தேடல் பெட்டிக்குக் குப்பை. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் செய்கிற வேலைக்கு வாங்கிய காசு அது.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். தளத்தில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகள் வந்தால் வேலை நடக்கவில்லை.

சண்டை போட்ட பிறகு மாற்றினார். இப்போது புத்தகத் தலைப்பைத் தேடினால் வந்தது, ஆசிரியர் பெயரைத் தேடினால் வரவில்லை. நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆசிரியர் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். “தமிழில் சர்ச் அப்படித்தான் சார், டெக்னாலஜி லிமிட்” என்று தமிழ் மேலேயே பழியைப் போட்டார். நண்பரின் மகள் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது. ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்று 30,000 ரூபாய் உரிமக் கட்டணம் வாங்கிய மென்பொருள் வேர்ட்பிரஸ்.

வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கிற, இணையதளம் செய்வதற்கான இலவச மென்பொருள். அதில் தளம் செய்துகொடுத்து கூலி வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை, அதன் உரிமமே அதை அனுமதிக்கிறது. இலவசமாகக் கிடைப்பதற்கு உரிமக் கட்டணம் என்று பில் போடுவதுதான் மோசடி. அப்புறம் அந்த டெக்னாலஜி லிமிட். வேர்ட்பிரஸின் தேடல், தானாக விட்டால், தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் இவற்றில் மட்டுமே தேடும். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று நாம் தனியாகச் சேர்க்கிற புலங்களை அது பார்க்காது. அவற்றையும் தேட வைக்க வழிகள் உண்டு. அவருக்கு அது தெரியவில்லை, அல்லது செய்ய மனமில்லை.

நிஜமாகவே தமிழால் வருகிற சிக்கலும் ஒன்று உண்டு. ‘கௌரி’ என்று ஔகாரக் குறியோடு அடிப்பவர்களும் இருக்கிறார்கள், ‘கெளரி’ என்று ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு அடிப்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். எங்கள் பட்டியலில் இரண்டும் கலந்து கிடந்தன. மென்பொருள் தானாகவே இதைச் சமாளிக்கும் என்று நம்ப முடியாது, பட்டியலில் உட்கார்ந்து திருத்திவிடுவதுதான் நல்லது. ஒரு மென்பொருளைச் சோதிக்க இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது. ‘கௌரி’யைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள், விற்க வந்தவர் முழிப்பதைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடலாம்.

இதற்கிடையில் தளத்தைத் திறந்தால் ரம்மி விளையாட்டுப் பக்கத்துக்குப் போகத் தொடங்கியது. காசு கட்ட வேண்டிய ஒரு பிளகினின் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கிற துணை மென்பொருள்) உரிமப் பூட்டை உடைத்த பிரதியைப் போட்டிருந்தார். இப்படிப்பட்ட பிரதிகளில் திருட்டுக் கதவு வைத்து விடுவது புதிதல்ல. அதைச் சரிசெய்ய எங்களிடமே இன்னொரு தொகை கேட்டார்!

போதும் சாமி, எங்கள் பட்டியலைக் கொடுங்கள், கிளம்புகிறோம் என்றோம். உண்மையான பிடி அங்கேதான் இருந்தது. பிடிஎஃப் ஒன்றை அனுப்பினார். அதிலிருந்து தலைப்பு, ஆசிரியர் என்று பத்தி பத்தியாகப் பிரித்தெடுப்பதைவிட மறுபடி தட்டச்சு செய்துவிடலாம். எங்களுக்குக் கொடுத்திருந்தது ‘எடிட்டர்’ லாகின். அதில் ஏற்றுமதி பட்டனே தெரியாது, அட்மினிஸ்ட்ரேட்டருக்குத்தான் தெரியும். டொமைனும், அதாவது தளத்தின் முகவரியும், அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. மாற்ற வேண்டுமானால் டொமைனைப் பதிவு செய்த நிறுவனம் அவருக்குத் தருகிற சங்கேதக் குறியீடு வேண்டும், அதைத் தர மாட்டேன் என்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் இருக்கிறதோ, அதை வைத்திருப்பவர் கையில்தான் பிடி.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? புத்தகம் இரவல் கொடுத்து வாங்குகிற நூலகம் என்றால் கோஹா என்ற நூலக மென்பொருள். நியூசிலாந்தின் ஹொரொவெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் ஓடத் தொடங்கியது, இலவசம், இந்தியாவில் பல கல்லூரி நூலகங்கள் பயன்படுத்துகின்றன. ஆனால் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், புதியவர் தனியாக இறங்கினால் திணறுவார். புகைப்படம், சுவடி, கடிதம் போன்ற சேகரிப்புக்கு ஒமெக்கா என்ற மென்பொருள் பொருத்தம். வெறும் பட்டியல்தான் என்றால் இரண்டுமே தேவையில்லை. கூகுள் ஷீட்டில் ஒழுங்காக வைத்துப் பகிர்ந்தாலே ஒரு சின்ன வாசகசாலைக்கு ஓடிவிடும். நாங்கள் இப்போது அதில்தான் இருக்கிறோம். எதில் வைத்தாலும் மூலப் பட்டியல் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) உங்கள் கையில் இருக்கட்டும். அதை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம். பயப்பட வேண்டாம், யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைச் சேமிக்கிற முறை) என்று தேர்ந்து இறக்குமதி செய்தால் சரியாகிவிடும்.

அந்த ஆள் இப்போது அதே சரக்கை வேறு பெயரில் பள்ளிகளுக்கு விற்கிறாராம். லாகின் பக்கத்தின் முகவரியில் ‘டபிள்யூபி-அட்மின்’ அல்லது ‘டபிள்யூபி-லாகின்’ என்று இருந்தால் அது வேர்ட்பிரஸ். சொந்தத் தயாரிப்பு என்று கதை விட்டால் அந்த முகவரியைக் காட்டுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின் யாரிடம் இருக்கும், டொமைன் யார் பெயரில் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.