ஆலோசனை கேட்ட ரெகொபெயாமும் கேட்காத மோசேயும்

சபைத் தலைவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் எல்லாரிடமும் கருத்துக் கேட்பார், ஆனால் மாறமாட்டார். இன்னொருவர் தானாகப் போய்க் கேட்கமாட்டார், சொன்னால் திருத்திக்கொள்வார். நான் இரண்டாமவர் பக்கம்.

சாலொமோன் ராஜாவின் மகன் ரெகொபெயாம் முதல் வகை. தகப்பன் சுமத்திய பாரமான நுகத்தை இலகுவாக்கும்படி ஜனங்கள் அவனிடம் வேண்டியபோது, மூன்று நாள் தவணை கேட்டான். சாலொமோனிடம் பணியாற்றிய முதியோரையே முதலில் விசாரித்தான். பார்க்க எவ்வளவு பணிவு! ஆனால் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 12:8-ஐக் கவனியுங்கள்: முதியோர் சொன்னதைத் தள்ளிவிட்டுத்தான் தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் போகிறான். அவன் தேடியது ஆலோசனையை அல்ல, ஆமோதிப்பை. நுகத்தை இன்னும் பாரமாக்குவேன் என்றான்; இஸ்ரவேலின் பத்துக் கோத்திரங்கள் அவனைக் கைவிட்டுப் போயின.

எகிப்திலிருந்து இஸ்ரவேலரை வழிநடத்திய மோசே யாரிடமும் யோசனை கேட்கவில்லை. காலைமுதல் மாலைவரை தனியாளாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த மாமனார் எத்திரோ, அதுவும் வேற்றினத்தாரான மீதியானியரின் ஆசாரியர், "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். கடலைக் கடந்து வந்த தலைவருக்கு இதைக் கேட்கக் கசந்திருக்கலாம். அவரோ ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு என அதிபதிகளை ஏற்படுத்தினார். பெரிய வழக்குகள் மட்டும் அவரிடம் வந்தன.

ஆதிச் சபையின் போதகர் அப்பொல்லோவும் இந்த வரிசைதான்; வேதத்தில் வல்லவராக இருந்தும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரிடம் கற்றுக்கொண்டார்.

இதற்காக, சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. தேவன் அப்படிக் கட்டளையிட்டால் செய்யும் என்றுதான் எத்திரோவே சொன்னார்.